மொச்சை கேக்

முதல் துண்டை வாயில் போட்டதும் கலையரசிக்குத் தெரிந்துவிட்டது.

மகன் தமிழ்வேந்தனின் பிறந்தநாளுக்கு வந்த சாக்லேட் கேக். அப்பனும் மகனும் பகலெல்லாம் திருக்கோவிலூரில் லாட்ஜ் லாட்ஜாக அபிநயாவைத் தேடிவிட்டு, கிடைக்காமல், வழியில் ஒரு பேக்கரியில் இதை வாங்கிக்கொண்டு கரியாலூருக்கு மலையேறியிருந்தார்கள். சாக்கில் சுற்றிய கொடுவாள் இன்னும் பைக்கிலேயே செருகியிருந்தது.

வேறு சாதிப் பையன் பிரவீன்குமாரோடு போய்விட்ட மகள். கிடைத்தால் இரண்டு பேரையும் வெட்டுவதாக அப்பன் நாராயணசாமி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

நாக்கில் முதலில் சாக்லேட். அப்புறம் வெல்லம். அதற்கும் அடியில் மெத்தென்று நின்றது மொச்சை. கடைசியாகத் தொண்டையில் லேசாக ஒரு காரம்.

சுக்கு.

சாக்லேட் கேக்கில் எந்த பேக்கரிக்காரன் சுக்கு போடுவான்? மொச்சை தின்றால் வாயு என்று தெரிந்த மலைக்காரப் பெண் ஒருத்திதான் போடுவாள்.

கள்ளக்குறிச்சியில் கேட்டரிங் படித்தபோது அபிநயா இதே வீட்டில், குக்கரில் மணல் கொட்டிச் சுட்டுக் காட்டிய கேக். சொந்தக் கொல்லையில் விளைந்த மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி, வேகவைத்து அரைத்துச் செய்தது. மைதா ஒரு பிடிகூட இல்லை.

"மொச்சையில கொழம்பு வெக்கிறத உட்டுட்டு இன்னாடி இது, கேக்கு சுட்டுக்கினு கீற?" என்று சிரித்த நாராயணசாமிதான் பாத்திரத்தை வழித்துத் தின்றார்.

மகள் உயிரோடு இருக்கிறாள். எங்கோ ஒரு அடுப்பின் முன்னால் நிற்கிறாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சுக்கூட நிலைக்கவில்லை. தமிழ்வேந்தன் அடுத்த துண்டை வெட்டி அப்பாவின் வாய்க்கு நீட்டினான்.

கலையரசி அதைப் பறித்துத் தன் வாயில் திணித்தாள்.

பிறகு கேக்கையே இழுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்து, மெல்லாமல் விழுங்கினாள்.

"யம்மா, இன்னா பண்ற நீ?"

அவள் இன்னொரு பிடியைத் திணித்தாள்.

புருஷனின் முதல் உதை இடுப்பில் விழுந்தது. கேக்கின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு தின்றாள். நாராயணசாமி முடியைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார்.

"பொண்ண ஓடவுட்டவளுக்கு கேக்கு கேக்குதா, கேக்கு!"

ஓங்கிய முஷ்டி வாயிலேயே இறங்கியது. முன்பல் ஒன்று உடைந்தது. அவள் ரத்தத்தையும் பல்லையும் கேக்கோடு சேர்த்து விழுங்கினாள். மறுபடியும் கை கேக் அட்டைக்குப் போனது. மறுபடியும் முஷ்டி.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக் கண்ணகி கத்தினாள். "உட்டுடுண்ணே! மவ போன ஏக்கத்துல அதுக்குப் புத்தி பெரண்டுபோச்சு."

அவர் விட்டபோது அட்டையில் ஒன்றும் மிச்சமில்லை. ஒட்டியிருந்த துணுக்குகளையும் கலையரசி நக்கி முடித்திருந்தாள். தரையில் சுருண்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மகளை மறுபடியும் உள்ளே வாங்கி ஒளித்துவைத்துவிட்டது போலிருந்தது.

நாராயணசாமி வாசற்படியில் போய் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. அவள் பல் பட்டு விரல்முட்டியில் தோல் கிழிந்து, கேக் பிசுக்கோடு ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மண்வெட்டி பட்டால் செய்வதுபோல, யோசிக்காமல், காயத்தை வாயில் வைத்து உறிஞ்சினார்.

உறிஞ்சியவர் நின்றார்.

இன்னொரு முறை, மெதுவாக, விரல் முழுவதையும் வாய்க்குள் விட்டு எடுத்தார்.

"சுக்கு," என்றார்.

தரையிலிருந்த கலையரசியை அவர் பார்க்கவில்லை. பைக்கைத்தான் பார்த்தார்.