இரண்டு லிட்டர் பாட்டில்

ஊறவைத்த அத்திப்பழ டப்பாவை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்ததை மத்தியானம்தான் பார்த்தேன்.

மறந்துபோனாளா, மறந்ததுபோலப் போனாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையை மெஷினிலேயே விட்டுவிட்டு, டப்பாவோடு அவள் வேலை பார்க்கும் இடத்துக்குக் கிளம்பினேன். அப்படியே அவளை அழைத்துவந்துவிடலாம் என்று எண்ணம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. பாதி எழும்பிய கட்டடம், அதற்கும் மேலே கிரேன், கிரேனின் உச்சியில் கண்ணாடி அறை. அதற்குள் என் மனைவி.

ஐந்து நாளாக அவள் வெளிக்குப் போகவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் பார்த்துவிட்டேன். உலர்திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தேன். கீரையைக் கடைந்து கொடுத்தேன். நேற்று பாலில் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆயுசுக்கும் மறக்காது. இதற்கு நடுவில் காலையும் மாலையும் பப்பாளி. அதை மட்டும் அவளே வாங்கி வருவாள். வேலையிடத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதாம். அப்படி ஒரு இனிப்பு.

வயிறு எதற்கும் மசியவில்லை.

இன்று காலை அவளால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் மாட்டிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்குள் சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா என்று அவர் அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். தினமும் இரண்டு லிட்டர் பாட்டிலை என் கையாலேயே நிரப்பிக் கொடுக்கிறேன், சாயங்காலம் ஒரு சொட்டு மிச்சமிருக்காது என்று பெருமையடித்தேன். அவள் அப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் காவலாளி எனக்கு ஒரு நாற்காலி போட்டார். பேச்சு வாக்கில், அக்கா காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார் என்றார். கழிப்பறை கீழேதான் இருக்கிறது. நடுவில் ஒரு தடவை இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டு வருடமாக இங்கே வேலை பார்க்கிறாள். ஒரு நாளும் இதை நான் கேட்டதில்லை.

சுற்றிலும் சிமெண்ட் தூசி. புல்கூட வெளுத்துக் கிடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பப்பாளி மரம், பச்சைப் பசேலென்று, கழுத்தைச் சுற்றிக் காய்த்துத் தள்ளியிருந்தது.

வேலை முடிந்து அவள் இறங்கி வந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்த மரத்தடிக்குப் போனாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். கழுத்துவரை தண்ணீர், காலையில் நான் நிரப்பியபடியே இருந்தது. மூடியைத் திருகி மரத்தின் வேரில் கவிழ்த்தாள்.

காவலாளி சிரித்தபடியே காகிதத்தில் சுற்றிய ஒரு பழத்தை என் கையில் வைத்தார்.

"தினமும் இப்படித்தாண்ணே. அக்கா ஊத்துற தண்ணியிலதான் இந்த மரமே வளந்துச்சு. இந்தாங்க, இன்னிக்குப் பழம்."

பழம் கையில் கனத்தது. காலையும் மாலையும் நான் விதையெடுத்து, துண்டு போட்டு, ஊட்டாத குறையாக அவளுக்குக் கொடுத்த பழம்.

அவள் திரும்பினாள். என்னையும் பழத்தையும் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்ட முகம். கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. கவிழ்ந்திருந்த பாட்டிலை எட்டிப் பிடித்து நிமிர்த்தினேன்.

"நாளைலேர்ந்து மரத்துக்கு நான் வந்து ஊத்துறேன். நீ குடி. நடுவுல இறங்கி வா. நிக்கட்டும் நாப்பது பேரும்."

பாட்டிலில் கால்வாசி மிச்சமிருந்தது. விளக்கெண்ணெய் குடித்தபோது பார்த்த அதே பார்வையோடு, அங்கேயே நின்று, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.