வாசல் வெளிச்சம்

எல்லாப் போன் திரைகளும் ஒரு துணியை ஒரே நிறத்தில்தான் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்டு, ஜவுளிச் சங்கத்தில் தொண்டை வற்றக் கத்தியவர் ஈரோட்டுச் சேலைக்கடை அர்த்தநாரி. போனில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்த சேலை கைக்கு வந்ததும் எலுமிச்சையாக இருக்கிறது என்று ஆளாளுக்குத் திருப்பி அனுப்பியதில் கடை படுத்தேவிட்டது.

சட்டம் வந்தது. எந்தத் திரையில் பார்த்தாலும் ஒரே நிறம், படத்தின் மூலையில் நிற எண். கடை நிமிர்ந்தது.

பிறகு கல்யாணத் தரகர்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ள இடம் கொடுத்த 'மாநிறம்' என்ற தாராளமான சொல் செத்துப்போனது.

அர்த்தநாரியின் மகள் யாழிசைக்கு வந்த இடமெல்லாம் எண்ணிலேயே தட்டிப்போக, ஒரே ஓர் இடம் படத்துக்குச் சம்மதித்து வீடுவரை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை. போனை யாழிசையின் கன்னத்தருகே பிடித்து, மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல இருக்கறதவிட நேர்ல கொஞ்சம் கறுத்தாப்பல தெரியுதுங்களே."

இதுவும் கைநழுவுகிறதே என்று அர்த்தநாரி பதறினார். முப்பது வருஷம் கடையில் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"டியூப்லைட்டுல அப்படித்தானுங்க தெரியும். வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதில் விழுந்தது.

யாழிசை எழுந்தாள். வாசலுக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

"நல்லாப் பிரிச்சுக் காட்டீருங்கப்பா. கொண்டுபோன பொறகு திருப்பி அனுப்பீரப் போறாங்க."

மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.