அனுப்புநர்: குளோரி

பெயர் என்று கேட்ட கட்டத்தில் குளோரி ‘நாராயணபெருமாள்’ என்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

பக்கத்தில் நின்ற வினோஜ் எட்டி அதை அழித்தான்.

“யக்கா, இது உங்களுக்க அக்கவுண்டு. உங்க பேருதான் போடணும். முதலாளி பேருல உள்ள நொழையணும்னா ஒவ்வொரு தடவையும் அவருக்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அவரு பேச்சிப்பாறையில தேனீப் பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிப்பாரு. பரவாயில்லியா?”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? மலையில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாராயணபெருமாளின் பெட்டிகள் இருக்கிற இடத்தில் சிக்னல் கிடையாது.

மார்த்தாண்டத்தில் அவருடைய தேன் மொத்தக் கடைக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்டு. போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு தடவை மூச்சை நிறுத்திக்கொண்டது. அதனால்தான் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வினோஜைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பதினோராயிரத்தில் நாலாயிரம் முடிந்திருந்தது.

அந்தக் கடையிலிருந்து போன கடிதங்களில் நாராயணபெருமாள் எழுதியது ஒன்றுகூட இல்லை.

அவர் விஷயத்தைத் தமிழில் சொல்வார், பாதி வசவோடு. குளோரி வசவைக் கழித்துவிட்டு மீதியை ஆங்கிலத்தில் எழுதி, அடியில் அவர் பெயரைப் போடுவாள். ஒன்பது வருஷமாக இதுதான் நடைமுறை.

ஷார்ஜாவில் தேன் கடை வைத்திருக்கும் இந்தப் பக்கத்துக்காரர் சேக் முகம்மதுக்கும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தாள். முதல் வருஷம் சரக்கு, தேதி, நன்றி. மூன்று வரியைத் தாண்டவில்லை.

பிறகு ஒரு தடவை அவர், ரப்பர் தளிர் விட்டுவிட்டதா என்று கேட்டார். தளிர் விட்டால்தான் இங்கே தேன். வியாபாரி கேட்கக்கூடியதுதான்.

அடுத்ததில் குழித்துறை ஆற்றில் வெள்ளம் வடிந்ததா என்று கேட்டிருந்தார். டிவியில் பார்த்திருப்பார் என்று குளோரி நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வியாபாரம் முதல் வரியோடு முடிந்துவிடும். படித்துக்கொண்டிருக்கிற புத்தகம், ஓரம் மொறுமொறுவென்று வராத ஆப்பம், காரணமில்லாமல் வருகிற எரிச்சல் எல்லாவற்றையும் எழுதுவார். ஒரு ஆண் ஆப்பத்தைப் பற்றி இத்தனை வரி எழுதுவாரா? மனைவி ஊரில் இருப்பாள், தனியாகப் பொங்கித் தின்கிறவர் போல. வளைகுடாவில் பாதிப் பேர் அப்படித்தானே.

குளோரியும் எழுதினாள். எழுதுகிற வேகத்தில், யார் பெயரில் எழுதுகிறோம் என்பது சில நாள் மறந்துபோகும். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று எழுதிவிட்டாள். அடியில் வழக்கம்போல நாராயணபெருமாள். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது.

பதினைந்தே நாளில் ஒரு சின்னச் சட்டை வந்து சேர்ந்தது, கழுத்தைச் சுற்றிக் கையால் பூ வேலை செய்தது. ஊருக்கு வருகிறவர்களிடம் சாமான் கொடுத்துவிடுவது வழக்கம்தான். யாரோ கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “மக்களே, உனக்க இங்கிலீசுல எனக்குப் பிள்ளை பொறந்தாச்சா? இதை வீட்டுல அவ பாத்தா என்ன நெனப்பா?”

கடையே சிரித்தது. சட்டை குளோரியின் மகளுக்குப் போனது. சேக் முகம்மதுக்கு நாராயணபெருமாள் நன்றி எழுதினார்.

இப்போது கட்டம் காலியாக இருந்தது. கோடு ஒன்று அதற்குள் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இல்லை. அவளுடைய நாளில், அவளைப் பற்றி எதையாவது கேட்கிற ஆள் சேக் முகம்மது ஒருவர்தான். சாப்பாடு ஆச்சா என்று புருஷன் கேட்பான். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி.

ஆணுக்கு ஆண் எழுதுகிறோம் என்ற நிம்மதியில்தான் அந்த மனுஷர் இவ்வளவும் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கம் இருப்பது ஒரு பெண் என்று தெரிந்தால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். மறுபடியும் சரக்கு, தேதி, நன்றி.

குளோரி தன் பெயரை அடித்தாள்.

முதல் கடிதத்தை அவருக்கே எழுதினாள். ஐயா, இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள். இதுவரை எழுதியதும் நான்தான். குழந்தையும் என்னுடையது. தவறாக நினைக்க வேண்டாம். குளோரி.

ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தோன்றியது. அனுப்பிவிட்டாள்.

வினோஜ் ஏழாயிரம் என்றான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். திரையில் பழைய கடிதங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின. ஒன்றிரண்டில் அவர் பெயர் தெரிந்து மறைந்தது. என்ன நினைப்பார்? சிரிப்பாரா? ஏமாற்றிவிட்டாள் என்பாரா? எட்டாயிரம். எட்டாயிரத்து ஐந்நூறு.

ஒன்பதாயிரத்தைத் தாண்டும்போது பதில் வந்தது.

ஆங்கிலத்தில் மூன்றே வரி. மறுபடியும் சரக்கு, தேதி, நன்றிதான் என்று நினைத்தாள். அப்புறம்தான் படித்தாள்.

அன்புள்ள குளோரி, மாமாவுக்குக் கடையை விட்டு நகர நேரம் கிடையாது. அவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தது நான். என் பெயர் ஜஸீனா.

அதற்குக் கீழே, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தமிழ்.

‘நான் ஷார்ஜாவைப் பார்த்ததே இல்லை. மார்த்தாண்டத்தில் மூணு மணிக்குத் தேங்காப்பட்டணம் பஸ் உண்டு. அதில் ஏறினால் நாலு மணிக்குள் எங்க வீட்டுக்கு வந்துவிடலாம்.’