அருந்ததியின் வேம்பு

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்னபாக்கியத்தை ஓவசியர் சிற்றம்பலம் தூரத்திலேயே கண்டுவிட்டார்.

கையில் வழக்கமான தண்ணீர்ப் போத்தல். பூநகரியில், தன் வீட்டுக் கிணற்றில் அள்ளி, பஸ் மாறி மாறிக் கொண்டுவருகிற தண்ணீர்.

எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தார். 

கிளிநொச்சிப் பக்கமிருந்த அந்தப் பெண்கள் விவசாயப் பாடசாலையில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் வளவில் ஒரு கன்று நட வேண்டும். ஐம்பத்தேழாம் ஆண்டில் வந்து சேர்ந்த அருந்ததி வேம்பு நட்டாள். அடுத்த மாரிக்குள் நெருப்புக்காய்ச்சல் வந்து விடுதியிலேயே செத்துப்போனாள்.

அவள் செத்த திதியில் தாய் அன்னபாக்கியம் வருடா வருடம் வந்துவிடுவார். வேம்பின் அடியில் தண்ணீரை ஊற்றுவார். மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். ஆரோடும் அதிகம் கதைக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

அந்த மரம் இப்போது இல்லை.

புது விடுதிக்கு அத்திவாரம் வெட்டுவதற்காக அது நின்ற வரிசையையே எடுக்க வேண்டி வந்தது. வளவிலுள்ள மரங்களுக்கெல்லாம் சிற்றம்பலம்தான் பொறுப்பு. எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்று சுண்ணாம்பு பூசி அடையாளம் வைப்பதும் அவர்தான்.

கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி அதிபரிடம் கெஞ்சிப் பார்த்தார். மற்றப் பக்கம் வாய்க்கால் ஓடியது. இடமில்லை.

கடைசியில் வேறு ஒருவரையும் விடாமல் தானே போய்ச் சுண்ணாம்பைப் பூசினார். வெட்டுகிற அன்றைக்கு லீவு எடுத்தார்.

தாய்க்கு எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்காக யோசித்தும் வாயில் ஒரு சொல் வரவில்லை.

இப்போது அந்தத் தாய் அவர் முன்னாலேயே வந்து நிற்கிறார்.

"இஞ்சாலை வாங்கோ அம்மா. வாசலை மாத்திப்போட்டினம், உங்களுக்கு வழி தடுமாறும்."

சொன்ன பிறகுதான், தான் என்ன செய்யப் போகிறோம் என்பது சிற்றம்பலத்துக்கே விளங்கியது.

கிணற்றடியைச் சுற்றி அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வேறொரு பிள்ளை நட்ட இன்னொரு வேம்பு நின்றது. அதே வயது, அதே பருமன்.

இதுதான் என்று சொல்ல நா எழவில்லை. அதன் பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவுதான்.

அன்னபாக்கியம் மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் முன்னொரு நாளும் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும், சிற்றம்பலம் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.



அன்னபாக்கியம் குந்தியிருந்து அடிமண்ணை விரலால் கிளறினார். போத்தலை மெல்லச் சரித்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். பட்டையில் ஏறிய கறையான் புற்றைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டார்.

"நல்லா வளர்ந்திருக்கு," என்றார்.

"ஓம் அம்மா."

சிற்றம்பலத்துக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வாசல்வரை கூடவே நடந்தார். தெருவில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது.

வெறும் போத்தலைப் பைக்குள் வைத்த அன்னபாக்கியம், புதுச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு சிற்றம்பலத்தின் கையைப் பிடித்தார்.

"அந்தக் கிணற்றடி வேம்பை நட்ட பிள்ளை எங்கை இருந்தாலும் நல்லாயிருக்கோணும் தம்பி. அவளின்ரை தாய் எப்பவாவது வந்தா, நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."