மாவுக்கட்டுக்குள் நாற்பது நாள்

எலும்பு முறிந்து மாவுக்கட்டுக்குள் போன நாளிலிருந்து இடதுகாலுக்குப் பேச்சுத்துணை இல்லை. வலதுகால் ஊன்றுகோலோடு வாசல்வரை போய்வரும் சத்தம் மட்டும் கேட்கும். வேளாவேளைக்குச் சத்து வந்தது. செலவழிக்கத்தான் வேலை இல்லை.

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள்.

"என்ன இப்படிப் பாதியா இளைச்சிட்டே? சாப்பாடு வரலையா?" என்றது வலதுகால்.

"வந்துச்சு. சும்மா கிடந்து தின்னது ஒட்டலை."

தரையில் வைத்ததும் இடதுகால் வெடவெடவென்று நடுங்கியது. "நீ கோலோடயே போ. நான் தொங்கிக்கிட்டு வர்றேன்."

வலதுகால் மெதுவாகத் தன்னைத் தூக்கிக்கொண்டது. முழு உடம்பும் இடதுகாலின் மேல் இறங்கியது. வலித்தது. ஆனாலும் இத்தனை நாளில் முதல்முறையாக யாரோ தன்மேல் சாய்ந்திருந்தார்கள்.

"இறங்கிடட்டுமா?" என்றது வலதுகால்.

"இன்னும் கொஞ்சம் இரு," என்றது இடதுகால்.