அடுத்த ஆயில் எப்போது

வண்டி தரையிலிருந்து ஆறடி உயரத்தில் நின்றது. நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கஸ்டமர் இறங்கிய பிறகுதான் வண்டியை லிஃப்டில் ஏற்றுவோம் என்று மெக்கானிக் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறான். எழுதியிருக்கட்டும். எனக்குப் படிப்பு கம்மி.

பழைய ஆயிலையே வடிகட்டித் திரும்ப ஊற்றுகிறவன் இருக்கிறான். ஃபில்டரைத் துணியால் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிறவன் இருக்கிறான். நாம் இறங்கிப் போய் நாற்காலியில் சாய்ந்தால் போதும், தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். அதனால் நான் இறங்குவதில்லை. எட்டு வருஷமாக இந்தக் கடையில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

மேலே உட்கார்ந்தால் கீழே நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சவரக் கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாய்த்துப் பிடித்தால் மெக்கானிக்கின் உச்சந்தலை தெரியும். நடுவில் வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது.

போன தடவை இவ்வளவு இல்லை.

"பெரியவரே, ஆயில் தேன் மாதிரி வருது. இதைப் போய் எதுக்கு மாத்தணும்?"

"தேன்னா நக்கிப் பாரு. மாத்தச் சொன்னா மாத்து."

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதுமாம். வண்டி ஓடாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். புத்தகம் எழுதினவனா என் வண்டியை ஓட்டுகிறான்?

முதலில் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தேன். அப்புறம் ஆயிரம். போன மாதம் மாற்றியதிலிருந்து இன்றைக்கு வரை மீட்டரில் ஓடியிருப்பது முந்நூற்று நான்கு.

அதில் முந்நூறு, இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் வீட்டிலிருந்து இங்கே வந்ததும். மிச்சம் நான்கு, இங்கே வருவதற்காகப் பெட்ரோல் போடப் போனது.

எங்கள் பக்கத்தில் மெக்கானிக் இல்லாமல் இல்லை. தெருவுக்கு இரண்டு பேர். எல்லாம் திருட்டுப் பயல்கள். இவனும் திருடன்தான். ஆனால் தெரிந்த திருடன்.

வேலை முடிந்ததும் கதவோரம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவான். அடுத்த ஆயில் எத்தனை கிலோமீட்டரில் என்று அதில் எழுதுவான். போன தடவை பத்தாயிரம் கூட்டி எழுதிவிட்டான். வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை நகத்தால் சுரண்டி எறிந்தேன்.

எழுபத்தாறு வயசுக்காரனைப் பார்த்து அடுத்த வருஷம் வா என்கிறவனை என்ன செய்வது?

வேலை இல்லாமல் ஒருத்தன் கடை வாசலில் போய் நிற்கிற ஆள் நான் இல்லை. ஸ்டிக்கர் வரச் சொல்ல வேண்டும். அப்போதுதான் வருவேன்.

ஆயில் கடைசிச் சொட்டு வடிகிற நேரத்தில் கரண்ட் போனது. லிஃப்ட் மேலேயே நின்றுவிட்டது.

தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒருத்தன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தான். "என்ன தாத்தா, மேல காத்து நல்லா வருதா?"

மெக்கானிக் ஏணியைக் கொண்டுவந்து கதவில் சாய்த்தான். பிடித்துக்கொள்கிறேன், இறங்குங்கள் என்றான். முடியாது என்றேன். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது என்றான். எனக்கொன்றும் அவசரமில்லை என்றேன்.

அவசரம் இருந்தது. காலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே ஏணியில் ஏறினான். கையில் வாய் அகலமாக வெட்டிய காலி ஆயில் டப்பா. அதை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

டப்பா கீழே போனதும் அந்தக் காத்திருந்தவன் விடவில்லை. "தாத்தாவுக்கும் ஆயில் மாத்தியாச்சா?"

மெக்கானிக் அவனை ஒரு பார்வை பார்த்தான். அவன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

மெக்கானிக் மறுபடியும் ஏணியில் ஏறி வந்தான். வேலை முடிவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்தான். மீட்டரை எட்டிப் பார்த்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதி ஒட்டினான்.

எழுத்துதான் எனக்குத் தகராறு. எண் தெரியும். மீட்டரில் இருந்ததோடு முந்நூறு கூட்டியிருந்தான்.

வீட்டுக்குப் போய் உடனே திரும்பி வந்தால் சரியாக இருக்கும்.

எட்டு வருஷமாக அவன் வாயில் 'பெரியவரே'தான். இன்றைக்கு அதை விட்டுவிட்டான்.

"அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அப்பா. என் கடையில கால் வைக்க மாட்டேன்னு சொன்னது நீங்கதானே. அம்மா சொல்லலையே."

நான் ஸ்டிக்கரையே பார்த்தேன். பெட்ரோல் போடப் போகிற நான்கு கிலோமீட்டர் எங்கே என்று கேட்டேன்.

எழுதியதை அடித்துவிட்டு, நான்கைக் கூட்டி எழுதினான்.

கரண்ட் வந்தது. வண்டி மெல்ல இறங்கியது. நான்கு சக்கரமும் அவன் கடைத் தரையைத் தொட்டன. புது ஆயில் ஊற்றுவதற்காக என் பக்கக் கதவைத் திறந்து, கீழே கையை விட்டு, பானெட்டை விடுவிக்கிற பிடியை இழுத்தான்.

நான் இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.