தேக்குப் பலகை

பழைய வங்கிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து ஹோட்டலாக்கியிருந்தார்கள். கல்யாண நாளுக்காக அங்கே அறை எடுத்தவள் சுகந்தி. "இந்த ஊருக்கே இப்பத்தான் வர்றேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான் அவள் கணவன் தியாகு. அரையிருட்டான நடையில், அவன் பாட்டுக்குத் தலையைக் குனிந்து ஒரு தாழ்ந்த வாசல்நிலையைக் கடந்தான். பின்னால் வந்த சுகந்தியின் நெற்றி அதில் நங்கென்று இடித்தது.

"இங்க முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"பழைய கட்டடம்னா வாசல் தாழ்வாத்தானே இருக்கும்" என்று சிரித்தான்.

அறையில் சுவர் முழுக்கத் தேக்குப் பலகை. உள்ளே இன்னொரு கதவு இருப்பதாகவே தெரியவில்லை. "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டாள்.

பெட்டியைத் திறந்துகொண்டிருந்த தியாகு, நிமிராமலே ஒரு பலகையைக் காட்டினான். "அதை அழுத்து, திறக்கும்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

சுகந்தி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "நீங்களே வந்து திறங்க" என்றாள்.